அழுத புஷ், அழாத புஷ்

தேயிலைக் கொழுந்து அரைக்கும் மெஷினுக்கு, அதன் தண்டு உள்ளே சுழலும் இரண்டு புது புஷ் வளையங்கள் வந்திருந்தன. மெக்கானிக் செல்லசாமி ஒன்றை ஃபாக்டரிச் சாமி ரோதைமுனி முன்னால் தட்டில் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். தட்டு சூடானதுதான் தாமதம், புஷ் பொலபொலவென்று எண்ணெய்க் கண்ணீர் விட்டது!

“முனி அழுவுறாரு! இத மெஷின்ல பூட்டக் கூடாது!” கொழுந்து பறிக்கும் பூரணி போட்ட கூச்சலில் ஹட்டனில் ரயிலே நின்றிருக்கும்.

மாடியில் மலைபோல் கொழுந்து. மெஷின் ஓடாவிட்டால் அத்தனையும் குப்பை. யாழ்ப்பாணத்து இன்ஜினியர் ஆரூரன் ஓடி வந்தார்.

“அக்கா, இது வெண்கலத் தூளை அச்சில அமத்திச் சூளையில சுட்ட சாமான். உள்ளுக்க முழுக்கப் பொடி ஓட்டை, அதுக்குள்ள எண்ணெய். சூடு பட்டா வெளியால வரும். மற்றதும் இப்பிடித்தான் அழும்!”

“அழுவலேன்னா?”

“மொட்டை அடிக்கிறன்!”

செல்லசாமி தயங்கித் தயங்கி இரண்டாவது புஷ்ஷைக் கொண்டுவந்தார். ஆரூரன் ஒரு டப்பா கற்பூரத்தையும் கொளுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு? ஊஹூம்!

சாயந்தரத்துக்குள் மொட்டை விழுந்தது.

“முனிக்கு மனசு குளுந்திருச்சு. ரெண்டையும் பூட்டுங்க” என்றாள் பூரணி.

செல்லசாமி இரண்டாவதை மட்டும் நைசாகச் சூடான எண்ணெயில் ஊறப்போட்டார். புதுச் சாமான் எதுவானாலும் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, அடுப்படியில் காயவைத்துத்தான் பூட்டுவார். இரண்டாவதன் எண்ணெய் அப்படித்தான் போயிருந்தது; முதலாவது கழுவுமுன்பே பூஜைத் தட்டில் ஏறியதால் தப்பியது.

இதை இப்போது சொன்னால் மட்டும் இன்ஜினியர் ஐயாவுக்கு முடி முளைத்துவிடவா போகிறது?