இரண்டு காற்றாடிகள்

“நடிக்கிறா மேடம். சுத்தமான நடிப்பு” என்றார் அப்பா, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் கட்டிலில் படுத்திருந்தாள். அவள் முடியை வகிடு பிரித்து, பசை தடவி, வயர்களை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள் டெக்னீஷியன். மூளைக்குள் ஓடுவதைக் கோடு கோடாகக் காட்டும் இயந்திரம் பக்கத்தில் காத்திருந்தது.

“நான் ஸ்கூல் வேன் ஓட்டறேன். காலையில வேன்ல ஏறுன்னா போதும், கண்ணு நட்டுக்கிட்டு மரம் மாதிரி நின்னுடுவா. லீவு நாள்ல மட்டும் அந்த வியாதி வராது. எங்கேயாவது உண்டா இப்படி? இன்னிக்கு ஒண்ணுமில்லைன்னு வரட்டும், நேரா ஹாஸ்டல்தான். எல்லாம் பேசி முடிச்சாச்சு.”

டெக்னீஷியனுக்கும் சந்தேகம் வராமல் இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சிறுமி ஒருமுறை கண் நிலைகுத்திக் கிடந்தாள். முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கியும் அசையவில்லை. ஆனால் நடுவில் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்துவிட்டாள். நிஜமாகவே இப்படி உறைந்துபோகும் வலிப்பு வருகிறவர்களுக்கு ஓரக்கண் வேலை செய்யாது. சரியான கள்ளி என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று காலையில்தான் டெக்னீஷியனின் அண்ணன் அவளிடம் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தான். “பசையும் பஞ்சுமா எத்தனை நாளைக்கு அடுத்தவங்க தலையைத் தடவிக்கிட்டு இருப்பே? ஆபீஸ் வேலை ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், ஏசி ரூம். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லு.”

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வெளியே யார் என்ன கதை அளந்தாலும், இந்த அறைக்குள் கோடு வந்து உண்மையைச் சொல்லிவிடும். அந்த ருசி ஆபீஸில் கிடைக்குமா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

“இப்ப மூச்சை நல்லா இழுத்து இழுத்து இதை ஊதணும்” என்று சிறுமியிடம் ஒரு காகிதக் காற்றாடியை நீட்டினாள். “ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிற வலிப்புகூட விடாம ஊதினா தலைகாட்டிடும். பொய்யா இருந்தாலும் தெரிஞ்சுடும்.”

பயப்படுவாள் என்று பார்த்தால், சிறுமியின் முகம் மலர்ந்துவிட்டது. “தனியா ஊத மாட்டேன். அப்பாவும் ஊதணும்.”

“பாத்தீங்களா மேடம், எப்படித் தட்டிக் கழிக்கிறான்னு” என்றார் அப்பா. டெக்னீஷியன் கொடுத்த இன்னொரு காற்றாடியை வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டார். ஆனால் ஊத ஆரம்பித்ததும், மகளிடம் தோற்க மனசில்லாமல் வேகம் பிடித்துவிட்டார்.

இரண்டு காற்றாடிகளும் சுற்றின. டெக்னீஷியன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோடுகள் சீராக ஓடின, துளி பிசகில்லை. அப்பா சொன்னதுதான் சரி, அத்தனையும் நடிப்பு. ஹாஸ்டலில் போய் அழப்போகிறதே என்று பாவமாகவும் இருந்தது, இப்படிச் செய்கிறதே என்று கோபமாகவும் இருந்தது.

“போதும்மா. எதுக்குடா கண்ணு எல்லாரையும் இப்படி ஏமாத்துறே?” என்று திரும்பினாள்.

சிறுமி அவளைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் காற்றாடி நின்றுபோயிருந்தது. அதை உதட்டருகே பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கண்கள் சுவரில் குத்திட்டிருக்க, இமைகள் மட்டும் படபடத்தன. சற்றுமுன் மகள் நடித்துக் காட்டிய அதே கோலம்.

“சார்” என்றாள். முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கினாள். தோளைத் தொட்டு உலுக்கினாள். அவர் அசையவில்லை.

பிறகு எதுவுமே நடக்காததுபோல அவர் காற்றாடியை ஊதத் தொடங்கினார். “ஏன் மேடம் நிறுத்திட்டீங்க? நான் சொன்ன மாதிரி நடிப்புதானே?”

காலையும் மாலையும் அவர் வேனில் ஏறும் பிள்ளைகள் டெக்னீஷியனின் நினைவுக்கு வந்தார்கள். இந்த அறையை விட்டு எங்கும் போவதில்லை என்று அண்ணனுக்கான பதில் அந்த நொடியே முடிவாகிவிட்டது.

சிறுமி தன் தலையிலிருந்த வயர் ஒன்றைத் தானே பிடுங்கி அவளிடம் நீட்டினாள்.

“இப்ப அப்பாவுக்கு ஒட்டுங்க அக்கா.”