திட்டாத அம்மா

அஞ்சுகத்தின் தாயுரிமையை நீதிமன்றம் பறித்ததற்குக் காரணம் அவள் வாய். மகளை அவள் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. வீட்டுச் சுவரில் அரசு மாட்டிய கருவி, அவள் திட்டியதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "தின்னுடி கழுதை" என்றால் அதற்குக் கழுதை கேட்கும். ஊட்டுகிற கை தெரியாது.

மகளை அரசு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். உரிமையைத் திரும்பப் பெற அஞ்சுகம் மூன்று வருடம் பேச்சுப் பயிற்சிக்குப் போனாள். நான் அவளுடைய வக்கீல். என்னைத் 'தண்டச்சோறு' என்று திட்டித் திட்டித்தான் எங்கம்மா கல்லூரிக்கு அனுப்பினாள். அதை நீதிபதியிடம் சொன்னேன். வழக்குக்குத் தொடர்பில்லை என்றார்.

கடைசி விசாரணையில் தாயையும் மகளையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். அங்கேயும் சுவரில் அதே மாதிரி ஒரு கருவி கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வசைச்சொல் வந்தாலும் மனு போச்சு.

"என் அன்பு மகளே, நலமாக இருக்கிறாயா?" என்றாள் அஞ்சுகம்.

ஒன்பது வயது மதி நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள். என்னிடம், "அக்கா, இவங்க எங்கம்மா மாதிரியே இருக்காங்க. ஆனா எங்கம்மா இல்ல. நான் ஹாஸ்டலுக்கே போறேன்" என்றாள். எழுந்து கதவுவரை போய்விட்டாள்.

அஞ்சுகம் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அடியே எருமை, பெத்தவளத் தெரியலையாடி ஒனக்கு?"

மதி ஓடிவந்து அவள் மடியில் விழுந்தாள். "இவ்ளோ நேரம் எதுக்கும்மா டீச்சர் மாதிரி பேசுன?"

நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். ஹாஸ்டலுக்குக் கூட்டிப்போகப் பெண் காவலர் வந்து கையைப் பிடித்தபோதும் மதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.