கைகோத்த படம்

"அங்கிள், உங்கப்பா படத்தைக் கழட்டவே முடியாது. உங்க வீட்டுல சம்மதம் கேட்டுத்தான் மாட்டியிருக்கோம்."

படம் எடுத்த கிருஷாந்தி பிடிவாதமாக நின்றாள். ஜெயராஜுக்கு வேர்த்துக் கொட்டியது. சம்மதம் கொடுத்தது வேறு யாருமில்லை, அவர் மனைவி புஷ்பம்தான். ஏன் கொடுத்தாய் என்று போனில் கேட்டதற்கு, "மாமா போட்டோவுல நல்லா இருப்பாருல்ல" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

கண்டி வாவிக்கரை மண்டபத்தில், மறதி நோய் வந்தவர்களின் படக் கண்காட்சி. மற்றவர்களுக்கெல்லாம் அடக்கமாக ஆளுக்கொரு படம். அவருடைய அப்பா அழகமுத்துவுக்கு மட்டும் கதவு அகலத்துக்கு ஒன்று. அதில் யாரோ ஒரு கிழவியோடு விரல் கோத்துக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இந்த அம்மா?"

"ஐயா பகல்ல வந்து இருக்கிற அதே பராமரிப்பு நிலையத்துக்குத்தான் இவங்களும் வர்றாங்க. ரெண்டு பேரும் தங்களைப் புருஷன் பொண்டாட்டின்னே நம்புறாங்க அங்கிள். இவங்க ஊட்டிவிட்டாத்தான் ஐயா சாப்பிடுவாரு."

ஜெயராஜ் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா போன பிறகு அப்பா இப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. ஆனால் இளகுகிற நேரமா இது?

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் நிஷாந்தினிக்குத் தட்டு மாற்றம். மாப்பிள்ளை சுதேஷ் தங்கமான பையன். அவன் அம்மா கஜலட்சுமிதான் கறார்ப் பேர்வழி. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "ஒங்க குடும்பத்துல பரம்பரை வியாதி ஏதும் இருக்கா?" என்று முகத்துக்கு நேரே கேட்டவள். "அப்பா அட்டன்ல தம்பி வீட்டுல கல்லு மாதிரி இருக்காரு" என்று ஜெயராஜும் கூசாமல் அளந்துவிட்டார். காலையில் வேனில் ஏற்றி மாலையில் வேனில் இறக்குகிற மனிதரை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். இப்போது ஊரே வந்து பார்க்கிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? விஷயம் கஜலட்சுமி காதுக்குப் போனால் மகள் கல்யாணம் அவ்வளவுதான்.

நல்லவேளை, கண்காட்சிக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். மண்டபம் மூடும்வரை மறைத்துக்கொண்டு நிற்பது என்று படத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றுவிட்டார். கடுகண்ணாவை ஊர்க் கடையில் அரிசி மூட்டை சுமந்த அகலமான முதுகு. அப்படியும் அப்பாவை மட்டும்தான் மறைக்க முடிந்தது. அந்தப் பக்கம் கிழவி சிரித்துக்கொண்டே இருந்தாள். யார் பெற்ற மகராசியோ, சிரித்துவிட்டுப் போகட்டும்.

வாசலைப் பார்த்தார். கஜலட்சுமி!

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார். கட்டுக்கலைப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் நேர்ந்துகொண்டார். அவளோ இவரைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தாள். எதிரே நின்று பேசுவாள் என்று பார்த்தால், சட்டென்று திரும்பி அவருக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"அடடே, நிஷாந்தினி அப்பாவா! எங்க இந்தப் பக்கம்?"

"சும்மாதாங்க. மழைக்கு ஒதுங்கினேன்."

"நானும் மழைக்குத்தான்."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"படமெல்லாம் பாத்தீங்களா?" என்றாள்.

"ஒண்ணுகூடப் பாக்கலைங்க."

"பாக்காதீங்க. பாவம், மனசுக்குக் கஷ்டமா இருக்கும்."

"அங்கிட்டு பிளேன்டீ குடுக்கிறாங்க. போயி ஒரு வாய் குடிங்களேன்."

"எனக்கு டீ ஆகாது. நீங்க போங்க."

"எனக்கும் ஆகாதுங்க. அந்தா கதிரை இருக்கு, உக்காருங்க."

"நின்னாத்தான் எனக்கு இடுப்புக்கு நல்லது."

மலையைக்கூட நகர்த்திவிடலாம் போலிருந்தது. தெரிந்துகொண்டுதான் சோதிக்கிறாளோ?

"அப்பா அட்டன்ல சொகமா இருக்காரா?"

"கல்லு மாதிரி இருக்காரு. ஒங்க அம்மா?"

"இந்தியாவுக்குப் போயிருக்காங்க. ராமேஸ்வரம், பழனின்னு கோயில் கோயிலாச் சுத்துறாங்க."

இருவரும் வாயில்காப்போர் மாதிரி விறைப்பாக நின்றார்கள். எதிரே வந்த நாலைந்து பேர் இவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கிருஷாந்தி வந்தாள். "ஐயோ, ரெண்டு குடும்பமும் வந்திட்டீங்களா! அங்கிள், நீங்க சண்டை பிடிச்ச மாதிரியே காலையில இந்த ஆன்ட்டியும் இதைக் கழட்டச் சொல்லிச் சண்டை பிடிச்சாங்க. படத்துல ஐயா பக்கத்துல இருக்கிறது இவங்க அம்மாதான்!"

இருவரும் மெல்ல விலகினார்கள். படம் முழுசாகத் தெரிந்தது. ஜெயராஜுக்குத் தலை நிமிரவில்லை. கஜலட்சுமி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி விடுங்கண்ணே. எங்கம்மாவும் ஒங்கப்பாவும் புருஷன் பொண்டாட்டின்னா, ஒங்க மக எங்க சுதேஷுக்குத் தாய்மாமன் மக. முறை சரியாத்தான் இருக்கு, ஞாயித்துக்கிழமை தட்டு மாத்திருவோம்."