குழாயில் கட்டிய துணி

சமையலறைக் குழாயின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்றுத்தான் கட்டினார்கள். அதற்குள் உடம்பெல்லாம் துருக்கறை.

சுவருக்குள் இருந்த இரும்புப் பைப்பிடம் அது கத்தியது. "உதிர்றது நீ, திட்டு வாங்குறது நான். காலையில வேணியம்மா என்னைக் கருமம் புடிச்ச துணின்னு சொன்னாங்க, கேட்டியா?"

"கேட்டுது. நான் மட்டும் ஆசைப்பட்டா துருப்பிடிச்சேன்? என்னை மாத்தணும்னு பிளம்பர் போன மாசமே சொல்லிட்டாரு. அதுக்குப் புது டைல்ஸை உடைக்கணும். அந்தம்மாவோட வீட்டுக்காரருக்கு மனசு வரல."

"இந்தத் தண்ணியைத்தானே அவங்க பிள்ளையும் குடிக்குது?"

"ஆமா."

"அப்ப இரு. இன்னிக்கு வர்ற துருவை எல்லாம் நானே பிடிச்சு வைக்கிறேன். என் மூஞ்சியைப் பார்த்தாவது அவங்களுக்குப் புத்தி வரட்டும்."

சொன்னபடியே செய்தது. சாயங்காலம் வேணி வந்து பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள். துணியை அவிழ்த்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

பிறகு பீரோவில் தேடி, காப்பிப்பொடி நிறத்தில் ஒரு துணியைக் கொண்டுவந்து கட்டினாள்.

"இதுல கறை தெரியாது," என்றாள் கணவனிடம்.