சுவருக்கு மேலே வந்த வயலின்

பழனியாண்டி பக்கத்து வீட்டுக்குத் தர வேண்டிய கடன் நூற்று எண்பத்தைந்து ரூபாய். அதைத் தராமல் சாயந்தரமானால் வயலின் கேசட்டைப் போட்டுவிடுவான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நடுச்சுவர் கூரைவரை எட்டாததால் அத்தனையும் அந்த வீட்டு விஜயகலா காதில் வந்து விழும். கணவன் தம்பையா தினமும் யூனியன் கூட்டமென்று போய்விட, தனியாகத் திட்டித் திட்டி அலுத்தவள் இன்று நேரே அவன் வாசலுக்கு வந்து கத்தினாள்.

“பேட்டரிக்குக் காசு இருக்கு, எங்க கடனுக்கு இல்லையாண்ணே?”

“அது இன்னையோட தீந்துச்சே தங்கச்சி! ஒரு நாளைக்கு அஞ்சு ரூபான்னு முப்பத்தேழு நாளா ஒன் புருஷன் இங்க வந்து வயலின் கேட்டே கழிச்சிட்டான்.”

உள்ளே தம்பையா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

“நம்ம வீட்டுலயே சும்மா கேக்குதே! அதுக்கு எதுக்குக் காசு?”

“நானும் அதையேதான் அவன்கிட்ட கேட்டேன் தங்கச்சி. அங்க ஒன் சத்தம்தான் கேக்குதாம்.”