லிபோவாவில் ஓர் அடக்கம்

"மூணடி நீளம் போதும், ஹார்லன். ஆழத்தை மட்டும் குறைச்சிடாதே. நரி தோண்டிடும்."

பழைய பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகச் சொன்னாள் லுட்மிலா வோண்ட்ரா. ஹார்லன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். மூன்றடிக் குழி என்றால் பெரியவர்களுக்கானது இல்லை.

"யாருன்னு இன்னும் நீங்க சொல்லலியே, லுட்மிலாம்மா."

"எங்க குடும்பம்தான். வேத்தாள் இல்ல. நீ தோண்டு."

நெப்ராஸ்காவின் அந்த மேட்டில் இப்போது கல்லறைகள் மட்டும்தான். ஊர் இல்லை. நூற்று நாற்பது வருஷங்களுக்கு முன்னால் கடல் தாண்டி பொஹீமியாவிலிருந்து வந்து இறங்கிய இருபது குடும்பங்கள் புல்வெளியைக் கீறி உண்டாக்கிய ஊர் லிபோவா. தேவாலயம், மாவு மில், நடனக் கூடம், இரண்டு மதுக்கடை என்று எல்லாமே இருந்தது. ரயில் பாதை ஒன்பது மைல் தள்ளிப் போனது. ஒரு பனிக்காலத்தில் வீடுகளை அப்படியே பெயர்த்து, உருட்டுக் கட்டைகள் மேல் ஏற்றி, குதிரை கட்டி ரயிலடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செத்தவர்களை இழுத்துப் போக முடியவில்லை. வோண்ட்ரா குடும்பம் மட்டும் நகரவே மாட்டேன் என்று தங்கிவிட்டது. அதில் இன்றைக்கு மிச்சம், கல்யாணமே செய்துகொள்ளாத லுட்மிலா ஒருத்திதான்.

நாற்பது வருஷமாக ஒரு அடக்கமும் நடக்காத கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை கிடையாது என்பது வட்டார அலுவலகத்தின் விதி. கடைசியாக இங்கே அடக்கமானது லுட்மிலாவின் அம்மா. கெடு முடிய ஐந்து நாள் இருந்தது. சுற்றி நிலம் வாங்கியிருக்கும் கம்பெனி, பாதை கைக்கு வந்ததும் அதிலும் சோளம் போட்டுவிடும். வட்டார குமாஸ்தா என்ற முறையில் அவள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியது ஹார்லன்தான்.

"அதுல என் மேல கோபமா இருப்பீங்க" என்றான், தோண்டிக்கொண்டே.

"கோணலா ஒட்டியிருந்தே. அதுக்குத்தான் கோபம்."

"டவுன் கல்லறையில நிறைய இடம் இருக்கும்மா. புல்லெல்லாம் வெட்டி நல்லா வெச்சிருக்காங்க."

"அங்க யாருக்கு எங்க பாஷை தெரியும்? உயிரோட இருக்கறப்பதான் பேச ஆளில்ல. செத்தப்புறமும் இங்கிலீஷ்லயே பேசச் சொல்றியா?"

ஹார்லன் தொடர்ந்து தோண்டினான். குழி முடிந்ததும் வண்டியின் பின்னாலிருந்து பைன் மரப் பெட்டியைத் தூக்கினான். ஒரு கைக்குழந்தையின் கனம் இருந்தது.

அவன் அம்மா ஒருமுறை அக்கம்பக்கத்தாரிடம் கிசுகிசுத்ததைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறான். பத்தொன்பது வயதில் லுட்மிலா ஆறு மாதம் ஒமாஹாவில் போய் இருந்தாளாம். ஏன் போனாள், எதை விட்டுவிட்டு வந்தாள் என்று ஊர் பலவிதமாகப் பேசியதாம். இந்த வருஷம்கூட ஆறு வாரம் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போயிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் கேட்க ஆளே இல்லை. அவனாவது கேட்டிருக்கலாம். அன்றைக்குப் பெற்று எங்கோ புதைத்துவிட்டு வந்த பச்சைக் குழந்தையை எடுத்து வரத்தான் போயிருக்கிறாள் போல.

பெட்டியைப் பதமாக இறக்கினான்.

"ஒரு பிடி மண் போட வரலியாம்மா?"

"நீயே போடு."

துக்கம் தாங்காமல் சொல்கிறாள் என்று நினைத்து அவன் வற்புறுத்தவில்லை. மண்ணைத் தள்ளும்போது அவள் வண்டிக்குள்ளிருந்தே தன் பாஷையில் ஜெபம் சொன்னாள். ஹார்லன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு புரியாமலேயே நின்றான். 'ஆமென்' சொல்ல வேண்டிய இடம் தெரியாமல் இரண்டு தடவை தப்பாகச் சொன்னான்.

முடிந்ததும் ஜன்னல் வழியாக ஒரு காகிதப் பை நீண்டது. உள்ளே கசகசா வைத்த பன்கள் இருந்தன.

"அடக்கத்துக்கு வந்தவங்களைப் பசியோட அனுப்பக் கூடாது. பன்னெண்டு சுட்டேன். யார் வருவாங்கன்னு நெனச்சுச் சுட்டேனோ தெரியல."

ஒன்றை அங்கேயே நின்று தின்றான். பிறகு பதிவேட்டை எடுத்து வண்டியின் பானெட் மேல் விரித்தான். இதில் ஒரு வரி ஏறிவிட்டால் இன்னும் நாற்பது வருஷத்துக்குப் பாதையை யாரும் தொட முடியாது. இந்தத் தனிக்கட்டைக்கு அந்த உதவியாவது தன் கையால் நடக்கட்டும் என்றிருந்தது.

"பொண்ணா, பையனா?" மெல்லக் கேட்டான்.

"பொண்ணு."

"பிறந்த தேதி நினைவிருக்காம்மா?"

"மார்ச் ஒம்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தஞ்சு."

பேனா நின்றது. "நான் கேட்டது உங்க தேதி இல்லம்மா. பெட்டிக்குள்ள இருக்கறவங்க தேதி."

"அதைத்தான் சொல்றேன்."

வண்டிக் கதவு திறந்தது. முதலில் இரண்டு ஊன்றுகோல்கள் புல்லில் இறங்கின. அப்புறம் ஒரே ஒரு ஷூ இறங்கியது. பாவாடையின் இடது பக்கம் வெறுமனே காற்றில் ஆடியது.

"விதியில 'முழு ஆளு'ன்னு எங்கயும் போடல. படிச்சுப் பார்த்துட்டேன்" என்றாள் லுட்மிலா. "என் பேரைப் போட்டு, இடது கால்னு எழுதிக்கோ. மிச்சம் பின்னால வரும்."