புளிக்கிற சாந்தி

"என்னடி பிள்ளை, நல்ல சாமானை வாய்க்குள்ளை விட்டுட்டுத் துப்புறாய்?" உணவகக் குசினி வாசலில் நின்று கேட்டார் சமையல்காரர் மகேஸ்வரன் அண்ணை.

"விழுங்கினால் மூண்டாவது கிளாசிலை எல்லாம் ஒண்டாத்தான் தெரியும், அண்ணை" என்றாள் நிரோஜினி.

ரொறன்ரோவில் அந்த இத்தாலிய உணவகத்துக்கு எந்தச் சிவப்பு வைன் எடுப்பதென்று சுவைத்துப் பார்த்து அவள்தான் சொல்ல வேண்டும். எல்லாம் டஸ்கனிச் சரக்கு. அதில் கியாந்தி என்ற வைனைக் குசினியில் சமைக்கிற தமிழர்கள் எப்போதோ 'சாந்தி' ஆக்கிவிட்டார்கள்.

"சாந்தி எப்பிடி?"

"புளிக்குது. மற்றப் போத்தில், புருனெல்லோ, பரவாயில்லை."

உண்மையில் அவளுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. இலங்கையில் சண்டை முடிந்தும் அவளுடைய அக்கா வவுனியா முகாமில் அடைபட்டுக் கிடந்தாள். விடப்போகிறார்கள், விடப்போகிறார்கள் என்று மாதக்கணக்காக எல்லாரும் காதில் பூச்சுற்றினார்கள். கெட்ட செய்தி வந்துவிடுமோ என்று தன் போனை அண்ணையிடமே கொடுத்து வைத்திருந்தாள்.

உள்ளே போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணை ஓடி வந்தார்.

"பிள்ளை, சாந்தி வந்திட்டா!"

"அது இஞ்சை என்ரை கையிலை இருக்குது. போத்திலுக்கு என்ன 'வந்திட்டா'? 'வந்திட்டுது' எண்டு சொல்லுங்கோ."

"விசரி! உன்ரை அக்கா சாந்தியடி! முகாமாலை விட்டிட்டாங்கள். லைனிலை நிக்கிறா!"

பிறந்ததிலிருந்து அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டறியாத அக்கா.

நிரோஜினி கிளாசில் இருந்த கியாந்தியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுப் போனைப் பறித்தாள்.

"துப்பேல்லையோ, பிள்ளை?"

"சாந்தியைத் துப்புவினமோ, அண்ணை!"